நூத்துக்கு முப்பத்தஞ்சு

ஆமாங்க, அது நான்தான். மஞ்சமேட்டு மலை சரியும்னு சொன்ன பொம்பளை. இவ்வளவு மெதுவாக் கேக்க வேண்டியதில்லைங்க அக்கா, சத்தமாவே கேக்கலாம். பேப்பர்ல போட்டோ வந்ததுல இருந்து இந்தக் கோத்தகிரி பஸ்ல ஏறினா யாராவது ஒருத்தர் ஓரக்கண்ணால பாத்துட்டே வருவாங்க. குஞ்சப்பனை தாண்டறதுக்குள்ள கேட்டுருவாங்க. நீங்க மேட்டுப்பாளையம் எல்லையிலயே கேட்டுட்டீங்க. நல்லதுதான், பேச நேரம் இருக்குது.

ஆனா ஒண்ணு. நான் சரியும்னு சொல்லலை. இதை நல்லாக் கேட்டுக்கங்க. அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள சரியறதுக்கு நூத்துக்கு முப்பத்தஞ்சு வாய்ப்புன்னு சொன்னேன். முப்பத்தஞ்சுன்னா, சரியாம நிக்கறதுக்கு அறுவத்தஞ்சு. அன்னைக்கு எல்லார்கிட்டயும் இதேதான் சொன்னேன். இன்னைக்கு உங்ககிட்டயும் இதேதான் சொல்றேன். என் பேச்சு மாறலை. அவங்கவங்க காதுதான் மாறிப்போச்சு.

என் பேரு கோகிலவாணி. சொந்த ஊர் கோபிப் பக்கமுங்க. டாக்டர் பட்டம் வாங்கிட்டு, கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல பாடம் எடுத்துட்டே ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன். என்ன ஆராய்ச்சின்னா, இந்த மலையில இதுக்கு முன்னால எங்கெங்க மண் சரிஞ்சுதோ அத்தனை இடத்தையும் கம்ப்யூட்டருக்குக் காட்டறது. சரிவு எவ்வளவு செங்குத்து, மண்ணு எப்படி, மேல காடா தேயிலையா, ரோடு எவ்வளவு பக்கம், அந்த வருஷம் மழை எத்தனை. எல்லாத்தையும் குடுத்துட்டா, எந்த மாதிரி இடம் சரியுது, எந்த மாதிரி இடம் நிக்குதுன்னு அதுவே பழகிக்கும். அப்புறம் இன்னும் சரியாத இடத்தைக் காட்டினா, இதுக்கு இவ்வளவு வாய்ப்புன்னு ஒரு நம்பர் சொல்லும். அதைத்தான் மாடல்னு சொல்லுவோம். சும்மா சொல்லுதா, நெசமாச் சொல்லுதான்னு பாக்கறதுக்கு, நடந்து முடிஞ்ச சரிவுல கொஞ்சத்தை அதுக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சுக் கேட்டோம். பெரும்பாலும் கண்டுபிடிச்சுருச்சு. அன்னைக்கு லேப்ல இருந்த அத்தனை பேருக்கும் நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன்.

அப்புறம் மேப்புப் போட்டோம். வாய்ப்பு கம்மியா இருந்தா பச்சை, ஜாஸ்தியானா மஞ்சள், ரொம்ப ஜாஸ்தின்னா சிவப்பு. மலை முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக் கிடக்குது, ஒரு மூலையில மட்டும் நல்ல சிவப்பா ஒரு பொட்டு. என்னடான்னு பெருசு பண்ணிப் பாத்தா, அதுக்குள்ள வீடுங்க. வரிசை வரிசையாத் தகரக் கூரை. மஞ்சமேடு லைன் வீடு. தேயிலை பறிக்கறவங்க குடியிருக்கற இடம்.

ஓடிப்போய் ஜெரால்டு சார்கிட்டக் காட்டினேன். டாக்டர் பட்டத்துக்கு என்னோட கைடு, லேப்புக்கும் அவர்தான் தலைவர். பெரிய ஆளுங்க, வெளிநாட்டுல எல்லாம் அவர் பேரைச் சொன்னாத் தெரியும். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"அருமையான ரிசல்ட், கோகிலா. ஆராய்ச்சிப் பேப்பர் எழுதிரு"ன்னாரு.

"அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்க சார். மழை வந்துட்டிருக்குது."

"நம்ம வேலை மேப்புப் போடறது. மேப்புப் போடறவங்க மலை ஏறக் கூடாது. ஏறினா ரெண்டும் கெட்டுப்போகும்."

நான் அடுத்த நாளே ஏறினேன். ஆறாவது படிக்கறப்பவே எங்கம்மா சொல்லுவாங்க, இவகிட்ட எதையும் வேண்டாம்னு சொல்லாதீங்க, அதைத்தான் மொதல்ல செய்வான்னு. பெருமையாச் சொன்னாங்களோ, அலுத்துக்கிட்டாங்களோ, எனக்குத் தெரியாதுங்க. நான் பெருமையாவே எடுத்துக்கிட்டேன்.

லைனுக்குப் போய், டாக்டர் கோகிலவாணி வந்திருக்கேன்னு சொன்னதுதான் தப்பாப் போச்சு. ஒருத்தர் முட்டியைக் காட்டறாரு. ஒரு அம்மா இருமற குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வராங்க. அந்த டாக்டர் இல்லைங்கன்னு புரிய வெக்கறதுக்குள்ள பாதிப் பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க. நின்னது புஷ்பராணியம்மாதான். பறிக்கறவங்க சங்கத்துக்கு அவங்கதான் தலைவி. சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம், வரப்ப இவங்க கைக்குழந்தையாம். இடுப்புல சாக்கைச் சுத்தின மேனிக்கு என் மேப்பை வாங்கிப் பாத்தாங்க.

"எப்பச் சரியும்?"

"அது தெரியாதுங்க."

"சரியுமா?"

"அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க. நூத்துக்கு முப்பத்தஞ்சு."

"அப்ப எதுக்குப் புள்ள மலையேறி வந்த? எங்க சாமியாடிகூட இதவிட வெளக்கமாச் சொல்லுவான்."

சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் விடலைங்க. "நீங்க ஒரு பஸ்ல ஏறப் போறீங்க. கீழ போறதுக்குள்ள பிரேக் பிடிக்காமப் போறதுக்கு நூத்துக்கு முப்பத்தஞ்சு வாய்ப்புன்னு ஒருத்தர் சொல்றாரு. ஏறுவீங்களா?"ன்னு கேட்டேன். நல்ல கேள்வி இல்லைங்களா? கிளாஸ்ல கேட்டா பசங்க அப்படியே அடங்கிருவாங்க.

அந்தம்மா யோசிக்கவே இல்லை. "வேற பஸ்சு இல்லைன்னா ஏறித்தான புள்ள ஆகணும்?"

பாத்தீங்களா அக்கா? கேள்வி ஒண்ணு, பதில் ஒண்ணு. நான் பிரேக்கைப் பத்திக் கேக்கறேன், அவங்க பஸ்சைப் பத்திப் பேசறாங்க. சரி, படிக்காதவங்க, மெதுவாப் புரியட்டும்னு இறங்கி வந்துட்டேன்.

தாலுகா ஆபீஸ்ல சொன்னேன். உக்காருங்கன்னாங்க, டீ குடுத்தாங்க, மேல அனுப்பறோம்னாங்க. எங்க மேலன்னு கேட்டதுக்கு விட்டத்தைப் பாத்தாங்க. அப்பத்தான் ஒரு நிருபர் பழக்கமானாரு. அவர்கிட்டயும் இதே முப்பத்தஞ்சுதான் சொன்னேன். எழுதிக்கிட்டாரு, தலையை ஆட்டினாரு. மறுநாள் பேப்பரைப் பிரிச்சா, "மஞ்சமேடு மலை சரியும்: பெண் விஞ்ஞானி எச்சரிக்கை." முப்பத்தஞ்சு எங்கன்னு தேடினேன். அது என் வயசாப் போட்டிருந்துச்சு. எனக்கு அப்ப முப்பத்திரெண்டுங்க!

அதுக்கப்புறம் ஆபீஸ்காரங்க பறந்தாங்க. ஜீப்பு, மைக்கு, போலீஸ். லைன்ல இருந்த அத்தனை குடும்பத்தையும் சாமான் சட்டியோட கிளப்பி, கொஞ்ச தூரத்துல இருந்த ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டு போய் வெச்சாங்க. எந்த இடத்துல வெக்கலாம்னு என்னைக் கேட்டுத்தான் வெச்சாங்க. நான்தான் மேப்புல பாத்துச் சொன்னேன். பள்ளிக்கூடம் பச்சை. நல்ல பச்சை.

மழைன்னா மழைங்க. ஐப்பசியில அப்படி ஒரு மழை. நான் கோத்தகிரியிலயே ரூம் எடுத்துத் தங்கிட்டேன். விடிஞ்சதும் மொதல் வேலை மஞ்சமேட்டைப் போய்ப் பாக்கறது. நிக்குது. மழை இன்னும் வலுக்குது, போய்ப் பாக்கறேன், நிக்குது. நல்லதுதானே? நல்லதுதான். வீடெல்லாம் பத்திரமா இருக்குதே. நான் ஒண்ணும் அது சரியட்டும்னு போய் நிக்கலைங்க. அப்படிச் சில பேர் சொன்னாங்க. ஒரு டீக்கடைக்காரர், "என்னங்க மேடம், இன்னைக்கும் ஏமாத்திருச்சா"ன்னு கேட்டாரு. ஏமாத்தறதுக்கு என்னங்க இருக்குது? அறுவத்தஞ்சு அந்தப் பக்கம் இருக்குதே. ஆனா அந்தக் கடையில அப்புறம் டீ குடிக்கலை.

சரிஞ்சது பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம்னா கட்டடம் இல்லை, பின்னால இருந்த மேடு. காலையில எல்லாருக்கும் டீ போட்டுட்டிருந்திருக்காங்க புஷ்பராணியம்மா. பின்னாடி சமையலுக்கு ஒரு தகரக் கொட்டகை. மேட்டுல இருந்து மண்ணு மொத்தமா இறங்கி, கொட்டகை சாஞ்சு, கம்பி அவங்க கால் மேல விழுந்துருச்சு. தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலை. குழந்தைங்க எல்லாம் முன்னால வராண்டாவுல இருந்துச்சுங்க.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருப்பேனா? வாசல்லயே அவங்க தம்பி தவசீலன் நின்னாரு. என் கையில இருந்த மேப்பைப் பிடுங்கி, "எங்க, காட்டு. அந்தப் பச்சையக் காட்டு"ன்னு கத்தறாரு. கூட்டம் கூடிருச்சு. அழணும், மன்னிப்புக் கேக்கணும்னு எதிர்பாத்தாங்க போல. நான் உள்ளதைச் சொன்னேன். "பச்சைன்னா ஆபத்தே இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. அந்த இடத்துக்கு நாலு இருந்துச்சு. நாலுங்கறது சைபர் இல்லை."

அவர் கையை ஓங்கிட்டாருங்க. உள்ள கட்டில்ல இருந்து அந்தம்மா குரல் வருது. "விடுடா தவசீலா. அந்தப் புள்ளைக்கு நம்பரத் தவுர வேற பேச்சு வராது."

அவங்க என்னைப் பாராட்டினது அதுதான் மொத தடவை.

அங்க இருந்து நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சேத்துல செருப்பு போயிருச்சு, வெறுங்காலோட ஏறிப் பாத்தேன். பாத்ததும் புரிஞ்சு போச்சு. கக்கூஸ் கட்டறதுக்காக அந்த மேட்டை ஜேசிபி வெச்சு சுவராட்டம் வெட்டியிருக்காங்க. என்கிட்ட இருந்த சாட்டிலைட் படம் அதுக்கு முந்துனது. வெட்டறதுக்கு முன்னால எடுத்த படத்தைக் காட்டினா, மாடல் வெட்டலைன்னுதான் நெனைக்கும். அதுல மாடலோட தப்பு என்ன இருக்குது? நீங்களே சொல்லுங்க. படம் எப்ப எடுத்ததுன்னு யாரு பாத்திருக்கணும்னு தவசீலன் பின்னால ஒரு நாள் கேட்டாரு. அதெல்லாம் வேற விஷயமுங்க.

அழுதியான்னு எங்கம்மாவும் கேட்டாங்க. அழுதா நம்பர் மாறுமா? நான் வேலையப் பாத்தேன். புதுப் படம் வாங்கி, எங்கெங்க மேட்டை வெட்டியிருக்காங்கன்னு ஒவ்வொண்ணாக் குறிச்சு, மாடலுக்கு மறுபடியும் கத்துக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சரிவையும் அதுல சேத்தேன். அந்தம்மா கால் முறிஞ்ச இடம் இப்ப என் மாடலுக்குள்ள ஒரு புள்ளியா இருக்குதுங்க. அந்தப் புள்ளியை வெக்கறப்ப மட்டும்... என்னமோ, மவுஸை ரொம்ப நேரம் பிடிச்சுட்டே இருந்துட்டேன்.

மழை விட்டதும் சனமெல்லாம் லைன் வீட்டுக்கே திரும்பிப் போயிருச்சு. அப்புறம் கமிட்டி போட்டாங்க. பெரிய மேஜை, சுத்தி ஏழெட்டுப் பேரு. மஞ்சமேடு ஏன் சரியலைன்னு ஒருத்தர் கேக்கறாரு. பள்ளிக்கூடம் ஏன் சரிஞ்சுதுன்னு இன்னொருத்தர் கேக்கறாரு. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதாங்க, வாய்ப்புன்னா நிச்சயம் இல்லைன்னேன். கடைசியில ஒரு தாளை நீட்டினாங்க. நான் சொன்னது முதிர்ச்சியில்லாத, அறிவியல் அடிப்படை இல்லாத கணிப்புன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம்.

ஜெரால்டு சார் என்னை வெளிய கூட்டிட்டு வந்து, "போட்டுரு கோகிலா. ஆறு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க. நீ பாட்டுக்கு வேலையைத் தொடரலாம்"ன்னாரு.

"முதிர்ச்சியில்லைன்னு வேணா போடறேன் சார். அடிப்படை இல்லைன்னு போட மாட்டேன்."

"உனக்கு என்னதான் வேணும்?"

"முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சாவே இருக்கணும்."

போடலை. அவ்வளவுதான், ஆராய்ச்சியில இருந்து எடுத்துட்டாங்க. அந்த ஆராய்ச்சிப் பேப்பர் வந்துச்சு, நல்ல பத்திரிகையில. என் பேரு இல்லை. மேப்பு இருக்குது, நான் போட்ட மேப்பு. மஞ்சமேடு இருக்கற மூலையை மட்டும் வெட்டிட்டாங்க. சிவப்பே இல்லாம ரொம்ப அழகா இருக்குதுங்க. இப்ப நாமக்கல்ல ஒரு கோழிப்பண்ணைக்காரங்களுக்கு, அடுத்த மாசம் எத்தனை முட்டை வரும்னு கணிச்சுக் குடுக்கறேன். சிரிக்காதீங்க. கோழி மலையை விடப் பரவாயில்லை, சொன்ன பேச்சுக் கேக்குது.

இப்படி இருக்கறப்ப ஒரு நாள் போன். புஷ்பராணியம்மா.

"ஏம்புள்ள, அந்தப் படம் இன்னும் வெச்சிருக்கியா?"

எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. இத்தனை பட்டும், கால் முறிஞ்சும், அவங்களுக்கு நம்பிக்கை வந்துருச்சு பாருங்க! "வெச்சிருக்கேங்க. புதுசாவே போட்டிருக்கேன். மஞ்சமேடு இப்ப முப்பத்தெட்டு"ன்னேன்.

"கூடிருச்சா? நல்லதாப் போச்சு. பெருசா வேணும். பிளெக்ஸ் அடிக்கணும். அந்தச் செவப்ப இன்னும் கொஞ்சம் செவப்பாப் போட முடியுமா?"

"அது முடியாதுங்க. நிறம் நம்பரைப் பொறுத்தது. இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

"சரி சரி. அப்பிடியே அனுப்பு."

அனுப்பினேன். அவங்க கூப்பிட்ட நாளுக்கு ஊட்டிக்கும் போனேன். கலெக்டர் ஆபீஸ் முன்னாடி லைன் சனம் மொத்தமும் உக்காந்திருக்குது. புஷ்பராணியம்மா கைத்தடியை ஊனிக்கிட்டு முன்னால நிக்கறாங்க. அவங்களுக்குப் பின்னால பத்தடி உயரத்துக்கு என் மேப்பு. மேல கொட்டை எழுத்துல, "முப்பத்தெட்டு சதவீதத்தில் வாழ்கிறோம்! பட்டா கொடு! வீடு கொடு!"

எத்தனையோ கருத்தரங்குல என் வேலையைச் சுவத்துல ஒட்டியிருக்கேங்க. ஒருத்தர் நின்னு பாத்ததில்லை. இங்க போலீஸ்காரங்ககூட நின்னு படிக்கறாங்க. சிவப்பு மட்டும் கொஞ்சம் பரவின மாதிரி இருந்துச்சு. மஞ்சமேட்டைத் தாண்டிப் பாதி மலைக்குப் போயிருந்துச்சு. பிளெக்ஸ் மிஷின்ல மையி அப்படித்தான் ஊறும்னு தவசீலன் சொன்னாரு. இருக்கலாம், எனக்கு அந்த மிஷினைப் பத்தித் தெரியாது. ஆனாலும் டிவிக்காரர் ஒருத்தர் மைக்கை நீட்டினப்ப, எல்லைக்கோடு கொஞ்சம் தள்ளி இருக்குதுங்கன்னு ஆரம்பிச்சேன். தவசீலன் வந்து தோளைப் பிடிச்சு, வாங்க டாக்டரம்மா டீ குடிக்கலாம்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்த மனுசன் என்கிட்ட முகம் குடுத்துப் பேசினதே அன்னைக்குத்தான்.

ஜெரால்டு சாரும் அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணினாரு. "ஆராய்ச்சியைப் பிளெக்ஸ்ல அடிச்சு நடுரோட்டுல கட்டியிருக்கயே, உனக்கு வெக்கமா இல்லையா?"

"உங்க பேப்பரை எத்தனை பேர் படிச்சாங்க சார்?"ன்னேன். வெச்சுட்டாரு.

கலெக்டர் இறங்கி வந்தாருங்க. ஒரு தரம் சனத்தைக் காலி பண்ணினவங்களே அந்த இடம் ஆபத்து இல்லைன்னு எப்படிச் சொல்லுவாங்க? சொல்ல முடியலை. இதுக்கு முன்னாலயும் பட்டா கேட்டு வருஷக்கணக்கா மனுக் குடுத்துட்டுத்தான் இருந்தாங்களாம், எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். அப்பெல்லாம் ஒண்ணும் நடக்கலை. என் மேப்பு போனதும் நடந்துச்சு. ரோட்டுக்குப் பக்கமா ஒரு சமமான இடம், எல்லாக் குடும்பத்துக்கும் வீட்டுமனை. நாளைக்குக் காலையில விழா, பட்டா குடுக்கறாங்க. அதுக்குத்தான் போயிட்டிருக்கேன்.

புது இடத்தை மாடல்ல போட்டுப் பாக்காம இருப்பேனா? பாத்தேன். நேத்து அந்தம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"அம்மா, புது இடத்துக்கும் ஒரு நம்பர் வந்திருக்குதுங்க."

"எத்தனை?"

"மூணு."

"இப்ப நாங்க படுத்து எந்திரிக்கிற எடம்?"

"முப்பத்தெட்டு."

யார்கிட்டயோ அடுப்பை அணைக்கச் சொன்னாங்க. அப்புறம், "இப்பத்தான் புள்ள வேற பஸ்சு வந்திருக்கு. பட்டா கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத. வந்து வயிறாரச் சாப்புட்டுப் போ"ன்னாங்க.

சாப்பிடறேங்க. ஆனா சொல்லாம எப்படி இருக்கறது? மூணுங்கறது சைபர் இல்லைன்னு நாலுக்கே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சொன்னவ நான். அடி வாங்கப் பாத்தப்பவே மறைக்காதவ, மாலை போடறப்ப மறைப்பேனா?

ஏங்க அக்கா, நீங்களும் அவங்களை மாதிரியே கையைப் பிடிக்கறீங்க? பட்டாவை நிறுத்திருவாங்கன்னா? எதுக்கு நிறுத்தறாங்க? முப்பத்தெட்டுல இருந்து மூணுக்கு வராங்க. அதை மைக்குல சொல்லிப் பெருமைப்பட வேண்டாமா? ஒரு நம்பரை முழுசாக் கேக்கறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆள்கூடவா இருக்க மாட்டாங்க?

தவசீலன்தான் உக்கார இடமெல்லாம் பாக்கறாராம். என்னை மேடைக்குப் பக்கத்துல போடலையாம், பந்தலுக்குப் பின்னால, சமையல் நடக்கற பக்கம் நாற்காலி போட்டிருக்காராம். அங்கதான் நல்லாக் காத்து வரும்னாரு. மைக் எட்டாத தூரம்னு நெனச்சிருக்காங்க.

நெனச்சுக்கட்டும். எனக்கு எதுக்குங்க மைக்? இந்த பஸ் இத்தனை சத்தம் போட்டு மலை ஏறுது, நான் பேசற ஒரு வார்த்தையாவது உங்களுக்குத் தவறுச்சா? பாருங்க, டிரைவரே திரும்பித் திரும்பிப் பாக்கறாரு.